டுவைட்டின் முன்னூறு மேக்னம்

எல்க் மான் வேட்டை தொடங்க இன்னும் ஒன்பது நாள். டுவைட் தன் முன்னூறு மேக்னம் துப்பாக்கியை ராஸ்கோவின் துப்பாக்கிக் கடை மேசைமேல் கிடத்தி, இருப்பதிலேயே கனமான தோட்டா வேண்டும் என்று ஏற்ற இறக்கமில்லாத குரலில் சொன்னான். மார்ச்சில் மனைவி ஆர்லீனை அடக்கம் செய்ததிலிருந்து எதைக் கேட்டாலும் இதே குரல்தான். காப்பி கேட்டாலும் இப்படித்தான்.

“யோவ், எல்க்கைச் சுடப் போறியா, ரயிலக் கவுக்கப் போறியா?” என்றான் ராஸ்கோ.

“இந்த வருசமும் ஒண்ணு காயத்தோட தப்பிப் போகக் கூடாது. அவ்வளவுதான்.”

போன வருஷக் கதை மான்டானாவின் அந்தச் சின்ன ஊருக்கே தெரியும். சரிவில் நின்ற பெண் எல்க்கைப் புருஷனும் பெண்டாட்டியும் ஒரே நேரத்தில் சுட்டார்கள். ஒரு குண்டுதான் பட்டது. அதுவும் மார்புக்குக் கீழே, முன்னங்காலில். அது மூன்று காலில் காட்டுக்குள் போய்விட்டது. “என் குண்டா இருந்தா அங்கேயே சாஞ்சிருக்கும். உன் சின்ன டூ செவன்ட்டி துப்பாக்கி முயலுக்குத்தான் லாயக்கு” என்று டுவைட் அடித்துச் சொன்னான். பெரிய துப்பாக்கி வைத்திருப்பவனுக்கு வாயும் பெரிதுதான். ஆர்லீன் நான்கு நாள் பனியில் தேடினாள். அதோடு துப்பாக்கியைத் தொடவில்லை.

“முதல்ல பின்னால வா, சுட்டுக் காட்டு. தோட்டாவ நான் போட்டுத் தர்றேன்” என்றான் ராஸ்கோ.

கடைக்குப் பின்னால் மணல்மூட்டையில் துப்பாக்கியைச் சாய்த்து டுவைட் மூன்று முறை சுட்டான். துப்பாக்கியின் ஒவ்வொரு உதையும் தோள்பட்டையைப் பெயர்த்தது. நாலாவது முறை ராஸ்கோ முதுகைத் திருப்பிக்கொண்டு, தோட்டா போடாமலே பூட்டிக் கொடுத்தான்.

டுவைட் விசையை இழுத்தான். ‘டிக்’கென்ற சத்தம் மட்டும் வந்தது. ஆனால் வராத உதைக்குப் பயந்து அவன் கண் இறுக மூடியிருந்தது. குழாய் நுனி வெடுக்கென்று தாழ்ந்துபோயிருந்தது; தோட்டா இருந்திருந்தால் குறிக்குக் கீழேதான் போயிருக்கும்.

கண்ணைத் திறந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தான். அழுகை வரவில்லை. கோபமும் வரவில்லை.

“ஆர்லீனுக்கும் இப்படித் தோட்டா போடாமக் குடுத்துப் பாத்திருக்கியா?”

“வருசா வருசம். நுனி ஒரு இம்மி அசையாது.” ராஸ்கோ துப்பாக்கியை மெல்ல வாங்கிக்கொண்டான். “உனக்குப் பெரிய தோட்டா வேணாம்யா. அவளோட டூ செவன்ட்டியவே எடுத்துட்டுப் போ.”

“ஆஸ்பத்திரியில, கடைசி வாரம்,” என்றான் டுவைட், காப்பி கேட்கும் அதே குரலில், “அந்த எல்க்குக்காக எங்கிட்ட மன்னிப்புக் கேட்டா, ராஸ்கோ. நானும் மன்னிச்சேன்.”