முந்திப் போன இடது சில்லு

மட்டக்களப்புத் தேசத்தின் நீண்ட வரலாற்றில் மனிதன் காலத்தை வென்றது ஒரேயொரு தடவைதான்; அது நாவற்குடாவில் நடந்தது. வென்றது பத்து நிமிடம். அதுவும் இடது பக்க ஆசனத்தில் இருந்தவர்களுக்கு மட்டும். வினாயகமூர்த்தியின் நீல வானில் ஏறிக் குருக்கள்மடத்துக்குப் போனால், வலது பக்கம் இருந்தவர்கள் வான் போய்ச் சேரும்போது போய்ச் சேர்ந்தார்கள். இடது பக்கம் இருந்தவர்கள் பத்து நிமிடம் முந்தியே அங்கே இறங்கி நின்றார்கள். எந்த இடத்தில் பிரிந்தார்கள் என்று எவருக்கும் தெரியாது. ஆரையம்பதி வரைக்கும் வாய் ஓயாமல் கதைத்துக்கொண்டு வந்தவரைத் திரும்பிப் பார்த்தால் ஆள் இருக்காது, சீட் மட்டும் சூடாக இருக்கும்.

கடல் ஊருக்குள் ஏறி வந்த வருடம் அந்த வான் இரண்டு நாள் உப்புத் தண்ணீரில் நின்றது. பின் அச்சின் நடுவில் குடம் மாதிரித் தொங்கும் டிஃபரன்சலுக்குள் உப்பேறிப் பல்லெல்லாம் துருப்பிடித்துப் போயிற்று. வளைவில் திரும்பும்போது ஒரு சில்லு கூடவும் மற்றச் சில்லு குறையவும் ஓட விடுகிற சாமான் அது; அது இல்லாமல் வான் ஓடாது. அடுத்த வருடம் சாரதி நிலோஜன், அலை அடித்துக் குவித்த வாகனங்களின் குவியலுக்குள்ளிருந்து ஓர் அச்சை இழுத்துக்கொண்டு வந்தான். எந்த வாகனத்துடையது என்று அவனுக்குத் தெரியாது. வினாயகமூர்த்தி கேட்கவும் இல்லை. அளவு கிட்டத்தட்டச் சரியாக இருந்தது, பூட்டினார்கள்.

வினாயகமூர்த்தி அப்போது ஏழு சங்கங்களுக்குத் தலைவர். மரண உதவிச் சங்கமும் வாசிகசாலையும் அதில் அடக்கம். அந்தத் தரத்தில் உள்ள ஒருவர் எந்தக் கூட்டத்துக்கும் முக்கால் மணித்தியாலம் பிந்திப் போவதுதான் முறை. மாலை கட்டி முடிய வேண்டும், பிள்ளைகள் வரிசையில் நின்று களைக்க வேண்டும், ஒலிபெருக்கியில் இரண்டு தடவையாவது "இதோ வந்துகொண்டிருக்கிறார்" என்று சொல்ல வேண்டும். அப்படிப்பட்டவர் முதன்முதலாக வானின் முன் இடது ஆசனத்தில் ஏறிப் போனபோது, மண்டபத்தில் கதிரை இறக்கிக்கொண்டிருந்தவன் ஆளை அடையாளம் தெரியாமல், "அண்ணே, அந்தப் பக்கத்த ஒருக்காப் பிடிங்க" என்றான். பிடித்தார். பன்னிரண்டு கதிரை. பத்து நிமிடம் கழித்து வானோடு வந்து இறங்கிய மனைவி சீதேவிப்பிள்ளை, வேர்த்து நின்ற புருஷனைப் பார்த்தாள். முப்பது வருடத்தில் அவர் இல்லாமல் அவளுக்குக் கிடைத்த முதல் பத்து நிமிடம் அது. அதை எதற்குக் கேள்வி கேட்டுக் கெடுப்பது என்று இருந்துவிட்டாள். அன்றிலிருந்து சாரதிக்குப் பின்னால், வலது பக்கம்தான் அவளுடைய இடம்.

ஒரு மாதம் வெட்கப்பட்ட வினாயகமூர்த்தி, அடுத்த மாதத்திலிருந்து அதைத் தன்னுடைய குணமாக்கிக்கொண்டார். நேரத்தை மதிப்பவனை நேரம் மதிக்கும் என்று மேடை மேடையாகப் பேசினார். வானைப் பற்றி மூச்சும் விடவில்லை. ஊரும் தன்பாட்டில் பழகிக்கொண்டது. சோதனைச் சாவடியில் எல்லோரும் இறங்கி நடக்க வேண்டிய காலம். இடது பக்கத்து ஆட்கள் முந்தியே நடந்து போயிருப்பார்கள். ஆள் கணக்குப் பிசகுகிறது என்று ஒரு கிழமை தலையைச் சொறிந்த சிப்பாய், பிறகு கொப்பியில் அவர்களுக்கென்று தனியாக ஒரு கோடு கீறிவிட்டான். பக்கத்து வீட்டுப் புஸ்பத்துக்குப் பிள்ளைப்பேற்று நோக் கண்டபோது அவளை இடது பக்கம் ஏற்றினார்கள். வலது பக்கம் இருந்து போன புருஷன் பிறந்த பிள்ளையைத்தான் பார்த்தான். முகத்துவாரத்திலிருந்து, கடலுக்குப் பிள்ளையைக் கொடுத்த ஒரு தாய் வந்து, பத்து நிமிடம் போதும் என்று சொல்லி, நிறுத்தி வைத்திருந்த வானின் இடது பக்கம் ஏறி இருந்தாள். வான் எங்கேயும் போகவில்லை. பொழுதுபடும்வரை அவளை யாரும் இறங்கச் சொல்லவும் இல்லை.

பிறகு ஒழுக்குத் தொடங்கியது. அச்சின் இரண்டு முனையிலும் எண்ணெயை மறித்து வைக்கிற ரப்பர் வளையம், ஒயில் சீல் என்பார்கள், இரண்டும் கிழிந்து, வான் நின்ற இடமெல்லாம் கறுத்த பொட்டு விழுந்தது. அதை மிதித்த புஸ்பத்தின் கோழி நாளைய முட்டையை இன்றைக்கே இட்டது. நாளைக்கு இடவில்லை, ஆகவே பிரயோசனம் ஒன்றும் இல்லை. எண்ணெய் குறையக் குறைய இடது பக்கம் இன்னும் முந்தியது: கால் மணி, அரை மணி. யுத்தம் முடிந்து அடுத்த வருடம் அது நாற்பது நிமிடத்தைத் தொட்டது. குருக்கள்மடத்துக்கு ஓட்டமே அரை மணித்தியாலம்தான். ஆகவே புறப்படுவதற்குப் பத்து நிமிடம் முந்தியே போய்ச் சேர வேண்டிய நிலைமை வந்தது. வினாயகமூர்த்தி புறப்படுவதற்குப் பத்து நிமிடம் முந்தித்தான் சேட் போடுகிற வழக்கமுள்ளவர். ஒரு சனிக்கிழமை, மாதர் சங்கக் கூட்டத்தில், சாரனும் தோளில் துவாயுமாக நின்றார்.

அதே கிழமைதான் கடிதம் வந்தது. ஐந்து வருடம் ஒரு கூட்டத்துக்கும் பிந்தாத பெருமகனாருக்குக் 'காலம் தவறாக் காவலர்' என்று பட்டம் கொடுக்கத் தீர்மானித்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை, பின்னேரம் மூன்று மணி, குருக்கள்மடத்து மண்டபம், கொழும்பிலிருந்து ஒரு பெரியவர் வருகிறார். இந்தப் பட்டத்துக்கு வினாயகமூர்த்தி எவ்வளவு ஏங்கினார் என்றால், அதற்கு முன் வந்த இரண்டு பட்டங்களையும் கடிதத் தலைப்பில் சின்ன எழுத்தாக்கச் சொல்லிவிட்டார். ஆனால் சேட் இல்லாமல் அதை வாங்க முடியாது.

வியாழக்கிழமை வானைக் காத்தான்குடிக்குக் கொண்டுபோனார். அங்கே வாகனம் திருத்துகிற கராச்சுக்காரர் ஆதம்பாவா கீழே படுத்துப் பார்த்துவிட்டு, சீல் வாங்க முதல் இது என்ன டிஃபரன்சல் என்று தெரிய வேணும், நம்பர்த் தகடு இல்லை என்றார். வினாயகமூர்த்தி குனியாமலே சொன்னார், "ஜேர்மன் சாமான் நானா. நேரத்துக்குப் போறதிலயே தெரியல்லியா?"

"ஜேர்மன்காரன் நாவற்குடாவுக்கு வந்து ஏன், தலைவர், ஒழுகுறான்?" என்று ஆதம்பாவா வானுக்குக் கீழேயிருந்தே கேட்டார்.

பின்பக்கத்தை ஜாக்கியில் ஏற்றி, இடது சில்லைக் கையால் மூன்று சுற்றுச் சுற்றினார். மற்றச் சில்லு எதிர்ப்பக்கம் சுற்றினால் சாதாரணம், அதே பக்கம் சுற்றினால் வேறு ரகம். எந்தக் கராச்சிலும் அப்படித்தான் பார்ப்பார்கள். வலது சில்லு அசையவே இல்லை. ஆதம்பாவா கையைத் துடைத்துக்கொண்டு போய்ப் பிளேன்டீ குடித்தார், ஒரு பீடி பற்றினார், பிளேன்டீ கொண்டுவந்த பொடியனின் படிப்பை விசாரித்தார். நாற்பதாவது நிமிடம், கிட்ட யாரும் இல்லாதபோது, வலது சில்லு எதிர்ப்பக்கமாக மூன்று சுற்றுச் சுற்றி நின்றது.

"சாதாரண டிஃபரன்சல்தான். கொஞ்சம் சோம்பல், அவ்வளவுதான். சீலை மாத்தி எண்ணெய நிரப்பினா சரியாயிரும்" என்றார். சேற்றைச் சுரண்டியபோது வார்ப்பில் எழுத்துத் தெரிந்தது. ஜப்பானில் செய்தது, மீன் ஏற்றுகிற பழைய லொறியுடையது.

வெள்ளி காலை பத்தரைக்குள் வலது பக்கத்துச் சீல் ஏறிவிட்டது. இடது பக்கத்து அச்சைக் கழற்றி, புதுச் சீலைக் கையில் எடுத்தபோது வினாயகமூர்த்தி மறித்தார். ராகுகாலம் தொடங்கிவிட்டது, பட்டத்துக்குப் போகிற வாகனம், பன்னிரண்டு மணி வரைக்கும் ஒருவரும் தொடக் கூடாது. ஆதம்பாவா சொல்லிப் பார்த்தார், பிறகு வாங்கில் சாய்ந்து பேப்பர் வாசித்தார். ராகுகாலம் முடிந்தபோது பள்ளியில் பாங்கு சொன்னார்கள். ஆதம்பாவா எழும்பிக் கை கால் கழுவினார். "ஜும்மாவுக்குப் போய்ச் சாப்பிட்டுட்டு ரெண்டு மணிக்கு வாறன். அடிச்சா அஞ்சு நிமிசம். நீங்க கை வெச்சிராதீங்க."

இரண்டு மணிக்குப் புறப்பட வேண்டும். நல்ல நேரமோ ஒன்றேகாலோடு சரி. கூட்டுறவு அரிசி ஆலையில் பதினெட்டு வருடம் இருந்தவருக்கு ஒரு ரப்பர் வளையம் பெரிய காரியமா என்று வினாயகமூர்த்தி சால்வையைக் கழற்றி நிலோஜனிடம் கொடுத்தார். சீலின் வாய் உள்ளே, எண்ணெயைப் பார்த்திருக்க வேண்டும். நிலோஜன் அதைச் சொன்னான்.

"வாசல் எந்த வீட்டிலடா அடுப்படியப் பார்த்திருக்கும்? தெருவத்தான் பார்க்கும்," என்று சொல்லி, வாயை வெளியே வைத்துப் பலகையால் நான்கு தட்டுத் தட்டினார். சுலபமாகப் போனது; நிலோஜன் அச்சைப் பூட்டி எண்ணெய் நிரப்பினான். இரண்டு மணிக்கு, ஆதம்பாவா திரும்பி வர முதல், சீதேவிப்பிள்ளையும் வந்து சேர மூன்று பேரும் புறப்பட்டார்கள். அவர் சேட் போட்டு, தலைப்பா கட்டி, முன் இடது ஆசனத்தில் இருந்தார்.

இரண்டரைக்கு மண்டபத்தில் இறங்கியவர்கள் நிலோஜனும் சீதேவிப்பிள்ளையும் மட்டுமே. தலைவர் முந்தி வந்திருப்பாரே என்று உள்ளே தேடினார்கள், கிணற்றடியிலும் தேடினார்கள். கொழும்புப் பெரியவருக்கு நான்கு மணிக்கு வேறொரு கூட்டம் இருந்தது. நிலோஜன் கராச்சுக்குப் போன் எடுத்தான். சீலின் வாய் எந்தப் பக்கம் என்று மட்டும் கேட்ட ஆதம்பாவா, வாய்க்குள்ளேயே கணக்குப் போட்டார். "அப்ப முந்தாது, பிந்தும். பதினொரு நாள் பிடிக்கும். பயப்பட ஒண்டுமில்ல, வருவார்."

மாலை வாடுகிறதே என்று அதைச் சீதேவிப்பிள்ளைக்குப் போட்டார்கள். பட்டத்தையும் கொடுத்தார்கள். இரண்டு வார்த்தை பேசச் சொன்னபோது, "நான் ஒரு நாளும் முந்தியும் வரல்ல, பிந்தியும் வரல்ல. வான் வந்த நேரத்துக்குத்தான் வந்தன்," என்று சொல்லிவிட்டு இருந்துகொண்டாள். அந்த மண்டபத்தில் அதுவரை அவ்வளவு கைதட்டு எழுந்ததில்லை. அடுத்த கிழமைக்குள் ஏழு சங்கங்களில் ஐந்து அவளிடம் வந்து சேர்ந்தன. சீலைத் திருப்பிப் போட்டுத் தாறன் என்று ஆதம்பாவா சொல்லியனுப்பினார். இருக்கட்டும், அவசரமில்லை என்று அவள் சொல்லியனுப்பினாள். அதன் பிறகு பரீட்சை முடிவு பார்க்கப் பயந்த பிள்ளைகளும், மாமியார் வீட்டுக்குப் போகிறவர்களும் அந்த வானில் இடது பக்கம் ஏறினார்கள். மற்றவர்கள் வலது பக்கம் நெருக்கி இருந்தார்கள்.

வினாயகமூர்த்தி பதினோராம் நாள், செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்குச் சரிகை வேட்டி கலையாமல் அதே மண்டபத்து வாசலில் இறங்கினார். உள்ளே தாய் பிள்ளைக் கிளினிக் நடந்துகொண்டிருந்தது. மருத்துவமாது கஜானி நிமிர்ந்து பார்க்காமல் இருபத்திமூன்றாம் இலக்கத் துண்டைக் கொடுத்து, பிள்ளை எங்கே என்று கேட்டாள். துண்டோடு வாங்கில் இருந்தார். முறை வந்தபோது அவரையே தராசில் ஏற்றி நிறுத்தார்கள். எழுபத்திநாலு கிலோ, வயதுக்குக் கூட என்று அட்டையில் எழுதியிருக்கிறது.