புது லோரி யாருக்கு

எஸ்டேட்டுக்குப் புது லோரி வரப்போகிறது என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து சசிரேகாவுக்கு ஒரே கவலை. மூத்த டிரைவருக்குப் புது வண்டி, புதிதாகச் சேர்ந்தவருக்குப் பழையது. ரிங்லெட் ஊருக்கு மேலே இருக்கிற அந்தத் தேயிலைத் தோட்டத்தில் இதை யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனால் மாற்றியதும் இல்லை. அதன்படி, ஆட்டோ கியர் போட்ட, கிளட்ச் இல்லாத புது லோரி ராதாகிருஷ்ணனுக்கு. அவர் இத்தனை காலமாக உருட்டிக்கொண்டிருந்த மெனுவல் லோரி, லைசென்ஸ் எடுத்து அதன் மை காயாத சசிரேகாவுக்கு.

அவள் அதுவரை மலைச்சரிவில் நின்று கொழுந்து வெட்டிக்கொண்டிருந்தவள். மழையும் அட்டையும் போதும் போதும் என்றாகி, லீவு நாளெல்லாம் பயிற்சிக்குப் போய் லோரி லைசென்ஸ் வாங்கினாள். தோட்டத்தில் லோரி ஓட்ட வந்த முதல் பெண் அவள்தான். ஓட்டிக் காட்டு, சரியாக ஓட்டினால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் மறுபடியும் கொழுந்துக் காட்டுக்குத்தான் என்று நிர்வாகம் சொல்லியிருந்தது. பழைய லோரியை ஓட்டுவதில் அவளுக்குச் சிக்கல் ஒன்றும் இல்லை, கோயில் வளைவு ஒன்றைத் தவிர.

அந்த வளைவு பக்டரிக்குப் போகிற செங்குத்தான ஏற்றத்தில் இருக்கிறது. எதிரே வண்டி வந்தால் நிறுத்தித்தான் எடுக்கவேண்டும். கிளட்சை விடுவதற்கும் எண்ணெய் மிதியை அழுத்துவதற்கும் நடுவில் பழைய லோரி ஒரு முழமாவது பின்னால் போய்விடும். காலி லோரியில் பழகியபோதே ஒருமுறை பின்னால் நின்ற மோட்டார் சைக்கிள்காரர் வண்டியைப் போட்டுவிட்டு ஓடியிருக்கிறார். கொழுந்து மூட்டை ஏற்றிக்கொண்டு போனால் என்ன ஆகும் என்று நினைக்கவே அவளுக்குப் பயமாக இருந்தது.

ஆட்டோவைக் கேட்டு வாங்கிக்கொண்டால் என்ன என்றுதானே நினைக்கிறீர்கள்? எப்படிக் கேட்பாள்? ஆட்டோவெல்லாம் ஒரு டிரைவிங்கா, கைப்பிள்ளைகூட ஓட்டும் என்று ஆண்கள் டீக்கடையில் உட்கார்ந்து ஏற்கெனவே தீர்ப்பு எழுதியிருந்தார்கள். போதாததற்கு, பொம்பளைக்குக் கிளட்ச் மிதிக்கத் தெரியாது என்ற பேச்சு வேறு.

வெள்ளிக்கிழமை காலை மாரியம்மன் கோயில் வாசலில் புது லோரிக்குப் பூசை போட்டார்கள். நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. ராதாகிருஷ்ணன் வெள்ளைச் சட்டையோடு ஏறி உட்கார்ந்தார். பழங்களை நசுக்கி லோரி முன்னால் போகவேண்டும், அவ்வளவுதான் வேலை. வண்டி மெல்ல அசைந்தது. உடனே கிளட்சைத் தேடிய அவர் இடது கால், அகலமான பிரேக்கில் போய் ஓங்கி மிதித்தது. லோரி குலுங்கி நின்றது. மாலை அறுந்து விழுந்தது. எலுமிச்சம்பழம் ஒன்றுக்கும் ஒன்றும் ஆகவில்லை.

மறுபடி எடுத்தார். மறுபடி குலுங்கியது. பூசாரி கற்பூரத் தட்டோடு இரண்டடி தள்ளி நின்றுகொண்டார். மூன்றாவது தடவை எப்படியோ பழம் நசுங்கியது. அந்தக் குளிரிலும் ராதாகிருஷ்ணனுக்குச் சட்டை நனைந்துவிட்டது. யாரும் சிரிக்கவில்லை, சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டார்கள்.

ஆபீஸ் கிராணி லோகேஸ்வரன் இரண்டு சாவியோடு வந்தார். தோட்டத்து வண்டிகளுக்கெல்லாம் அவர்தான் பொறுப்பு.

"சார், எனக்குப் பழைய லோரியே இருக்கட்டும்," என்றார் ராதாகிருஷ்ணன். "கொஞ்ச நாளா முட்டி வலி."

"முட்டி வலிக்கு ஆட்டோதாண்ணே நல்லது. கிளட்ச் மிதிக்க வேணாம்லா. எந்த முட்டி?"

"இடது," என்று சொல்லிவிட்டு அவரே நாக்கைக் கடித்துக்கொண்டார்.

பின்னாலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது. ராதாகிருஷ்ணன் தலையைக் குனிந்து துண்டால் முகத்தைத் துடைத்தார். அட, இந்த மனுஷனுக்குமா என்று சசிரேகாவுக்கு அப்போதுதான் உறைத்தது. புது லோரி வந்து இறங்கிய நாளிலிருந்து அவர் அதைச் சுற்றிச் சுற்றி வந்ததைப் பெருமை என்று நினைத்திருந்தாள். அது பயம். தன்னுடைய அதே பயம். வாய் தானாகத் திறந்துகொண்டது.

"சார், எனக்குப் பழைய லோரி வேணாம். கோயில் வளைவுல நிறுத்தி எடுத்தா பின்னால போயிடுது. லோட் ஏத்திட்டுப் போக எனக்குப் பயமா இருக்கு. புதுசு எனக்குக் குடுங்க."

"நான் அப்பவே சொன்னேன்லா," என்று யாரோ முணுமுணுத்தார்கள். அவளுக்குக் காது சூடானது. ஆனாலும் சொல்லிவிட்டோம் என்ற நிம்மதி அதைவிடப் பெரிதாக இருந்தது.

ராதாகிருஷ்ணன் நிமிர்ந்தார். தொண்டையைச் செருமினார். "தங்கச்சி வாயத் தொறந்து கேக்குது. புது வண்டின்னா என்ன பெரிய இது, நான் விட்டுக் குடுத்துட்டுப் போறேன் சார்," என்றார், பரம்பரைச் சொத்தை எழுதி வைப்பவரைப்போல.

"சீனியர் நீங்களே சொன்ன பிறகு எனக்கென்ன," என்று கிராணி சாவியை மாற்றிக் கொடுத்தார். "ஆனா சசி, இன்னிக்கு லோட் பிரச்சின இல்லாம பக்டரிக்கு வரணும். வந்துட்டா மேனேஜர்கிட்ட நானே பேசுறேன்."

மத்தியானம் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு புறப்பட்டாள். பின்னாலேயே பழைய லோரியில் ராதாகிருஷ்ணன். கோயில் வளைவில், சொல்லிவைத்ததுபோல, கோலாலம்பூர்க் கார் ஒன்று நடுரோட்டில் நின்று தேயிலையைப் படம் பிடித்துக்கொண்டிருந்தது. அவள் பிரேக் போட்டாள். அவளுடைய இடது காலும் கிளட்சைத் தேடி எழுந்தது. அதை இழுத்து சீட்டுக்கடியில் வைத்துக்கொண்டாள். கார் ஒதுங்கிக் கீழே போனது. மாரியம்மா என்று சொல்லி பிரேக்கை விட்டாள். லோரி பின்னால் போகவில்லை. நின்ற இடத்திலேயே நின்றது. எண்ணெயை அழுத்தினாள், சாதுவாக மேலே ஏறியது. அப்பாடா என்று வாய்விட்டே சொன்னாள்.

கண்ணாடியில் பார்த்தாள். பழைய லோரி ஓர் அங்குலம்கூட நழுவாமல் வளைவில் ஏறிக்கொண்டிருந்தது. ராதாகிருஷ்ணன் தலையை ஆட்டி ஏதோ பாட்டை முனகிக்கொண்டு வந்தார்.

பக்டரி வாசலில் மூட்டை இறக்குகிற சத்தத்துக்கு நடுவே அவர் அவள் கதவோரம் வந்து நின்றார்.

"புது லோரி வருதுன்னு சொன்னதுலேருந்து எனக்குத் தூக்கமே இல்லம்மா."

"எனக்கும்தாண்ணே."

இரண்டு பேரும் சிரித்தார்கள். கிராணி வருவதைப் பார்த்ததும் அவர் முகத்தைச் சரிசெய்துகொண்டு டயரைப் பார்ப்பதுபோல நகர்ந்தார். கிராணி லோரியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "நாளைக்கும் நீதான் எடுக்குற," என்றார்.

சாயங்காலம் லயத்து வீட்டுக்குத் திரும்பியபோது பக்கத்து வீட்டு ரஞ்சிதம் அவளைப் பிடித்துக்கொண்டாள். புது வண்டியை விட்டுக் கொடுத்தாராமே ராதாகிருஷ்ணன், எவ்வளவு பெரிய மனசு என்று வியந்துபோனாள். பயந்துபோய்க் கேட்டவள் என்ற பேர் தனக்கு, பெரிய மனசு என்ற பேர் அவருக்கு. இருந்துவிட்டுப் போகட்டும் என்று சசிரேகாவுக்குத் தோன்றியது.

"ஆமாக்கா," என்றாள், "பெரிய மனசுதான்."