ஏழாவது கேள்வி

...கவனமில்லாமல் போட்டதுதான், வேறென்ன, இவளைப் பற்றி இவளுடைய ஆய்வு மாணவிகள் பெயரில்லாமல் நிரப்பிக் கொடுத்த மூன்று கருத்துத் தாள்களில் ஒன்றில், பத்துக் கேள்விக்கும் 'எப்போதும்' என்ற கட்டத்திலேயே டிக், மேலிருந்து கீழே ஒரே நேராக, ஏழாவதிலும். மற்ற ஒன்பதிலும் 'எப்போதும்' என்றால் பாராட்டு, ஏழாவது மட்டும் தலைகீழ்க் கேள்வி, 'என் தவறை வழிகாட்டியிடம் சொல்லப் பயப்படுகிறேன்.' படிக்காமல் டிக் போடுகிறவர்களைப் பிடிக்கவென்றே இவள் வைத்தது. அப்படிச் சிக்கிய தாளை ஒதுக்கிவிட வேண்டும், இருபது வருஷமாக உளவியல் வகுப்பில் அதைத்தான் சொல்லிக்கொடுக்கிறாள். ஒதுக்கினால் மிச்சம் இரண்டு தாள், இரண்டிலும் குறையே இல்லை, ஆய்வு மாணவர்கள் பயமில்லாமல் பழக வேண்டும் என்று துறை தொடங்கும் வழிகாட்டித் திட்டத்தை இவளிடமே கொடுத்துவிடுவார்கள்... நாலு மணிக்குள் துறைத் தலைவரிடம் முடிவைச் சேர்க்க வேண்டும். பக்கத்து அறைப் பேராசிரியர் எட்டிப் பார்த்து, தூக்கக் கலக்கத்துல போட்டிருக்கும், தூக்கிப் போடுங்க மேடம், என் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்குன்னு எனக்கு ஒருத்தன் எழுதியிருக்கான் என்று சிரித்துவிட்டுப் போனார். அவருக்கு எழுதுகிறார்கள், குறையைக்கூட.

படித்துவிட்டே போட்டிருந்தால்? மற்ற ஒன்பதும் பயத்தில், இது ஒன்று மட்டும் நிஜமாக... இருப்பதே மூன்று மாணவிகள், பெயர் எழுத வேண்டாம் என்று சொன்னால் நம்பிவிடுவார்களா, அவர்களும் உளவியல்தானே படிக்கிறார்கள். போன மாதம் அவர்களில் நெட்டையான பெண் ஒரு நேர்காணல் பதிவைத் தொலைத்துவிட்டு மூன்று வாரம் மூச்சு விடவில்லை. தெரிந்தபோது இவள் திட்டினாளா, குரலை உயர்த்தினாளா, பரவாயில்லை என்றுதான் சொன்னாள்... சொல்லிவிட்டு நாலு நாள் அவளிடம் பேசவில்லையோ? வேலை இருந்தது. வேலைதானா?

கதவு தட்டும் சத்தம். சின்னவள், மூவரில் கடைசியாகச் சேர்ந்தவள், நூலகப் படிவத்தில் கையெழுத்து வேண்டுமாம். போட்டுக் கொடுத்தாள், வாசல்வரை போனவளைக் கூப்பிட்டாள்.

"ஏம்மா, ஏதாவது தப்பாப் போயிட்டா என்கிட்ட வந்து சொல்லுவ இல்ல?"

"சொல்லுவேன் மேடம்."

ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. பதிலை உள்ளே வைத்துக் கேள்வி கேட்கக் கூடாது, அது முதல் வருஷப் பாடம், அதையா இப்போது... ஆனாலும் அந்தச் 'சொல்லுவேன்' காதில் விழுந்ததும் இவள் தோள் தளர்ந்தது, மூச்சு சீரானது, முகத்திலும் தெரிந்திருக்கும், அது தெரிகிறவரை நின்று பார்த்துவிட்டுத்தான் சின்னவள் கதவைச் சாத்தினாள்.