பல் டாக்டரின் அரைச் சீட்டு

…அதுவும் அரைச் சீட்டு, மருந்து எழுதிக் கொடுக்கும் தாளைக் குறுக்கே கிழித்த பாதி, அதில் மூன்றே வரி, அதை வைத்துக்கொண்டு இந்தப் பல் டாக்டர் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளாக ஆட்டத்தில் ஒரு ஊரையே நடத்திக்கொண்டிருக்கிறார் என்பதைத்தான் வரைவாளரால் ஜீரணிக்க முடியவில்லை. நில அளவை அலுவலகத்தில் இருபத்திரண்டு வருஷம் வரைபடம் போட்ட கை அவருடையது. ஆளுக்கொரு வேடம் கட்டிப் பகடை உருட்டிக் கதைக்குள் நடந்து போகும் இந்த மேசையாட்டத்தில், கதையை நடத்துகிற பதவி எட்டு வருஷமாக அவருக்கே. மனைவி, மச்சினன், மேல்மாடிப் பல் டாக்டர் மூவரும் வந்து உட்காருவார்கள், இவர் உலகத்தைப் படைத்துக் கொடுப்பார். கடைசி உலகம் அறுபத்திரண்டு பக்கம், சத்திரக்காரனின் கொள்ளுத்தாத்தாவுக்கு மூட்டுவலி வந்த வருஷம் உட்பட. சத்திர வாசலில் நின்று மச்சினன், "வேணாம் மாமா, பசிக்கல" என்றான், ஒரு மாத உழைப்பு அப்படியே கிடந்தது. அடுத்த கதை தயாராக மூன்று வாரம் கேட்டார். அதுவரை ஒப்புக்கு நான் பார்த்துக்கொள்கிறேனே என்று டாக்டர் உட்கார்ந்தவர்தான். எப்படித் தயார் பண்ணுகிறீர்கள் என்று கேட்டால், "லிஃப்ட்ல இறங்கறப்ப யோசிச்சேன் சார்" என்கிறார். லிஃப்ட்டில்… அதுவும் ஒரே ஒரு மாடி.

இன்றோடு அந்த மூன்று வாரம் முடிகிறது. ஆட்டம் முடிந்ததும், இனிமேல் யார் நடத்துவது என்று கைதூக்கப் போகிறார்கள். மச்சினன் கை எந்தப் பக்கம் போகும் என்பது ஊருக்கே தெரியும், ஆனால் இவள்… இதோ சிரிக்கிறாள், டாக்டர் ஒரு கிழட்டுக் காவலாளியின் குரலில் கொட்டாவி விட்டதற்கு, கொட்டாவிக்கு ஒரு சிரிப்பா, தன் மேசையில் இவள் இப்படிச் சிரித்ததுண்டா? வரைபடங்களுக்கு வர்ணம் தீட்டித் தந்திருக்கிறாள், நாக்கைக் கடித்துக்கொண்டு, ஆற்றுக்கு நீலம், காட்டுக்குப் பச்சை, அது சிரிப்பை விடப் பெரிசில்லையா? இல்லை போலிருக்கிறது. ஒரே ஆறுதல், இந்தக் கதையின் துப்பறியும் மூளை இவர்தான். கோபுரத்து மணி களவு போன வழக்கு. பூட்டு உள்ளிருந்தே திறக்கப்பட்டது என்றார் முதல் வாரம், சரியாக இருந்தது. காவலாளிக்கு மயக்கமருந்து என்றார் இரண்டாம் வாரம், அதுவும் சரி. இன்றைக்குப் படகுக்காரன்தான் திருடன் என்று ஏழு காரணங்களை விரல்விட்டுச் சொன்னபோது டாக்டர் தாடையைத் தடவி, "அடடா, பிடிச்சிட்டீங்களே சார்" என்று தோற்றுப்போனார். "இவர்கிட்ட எதையும் மறைக்க முடியாது" என்று மனைவி தோளில் தட்டினாள். அந்த இடம் இன்னும் கதகதப்பாக இருக்கிறது.

யாருக்கோ பல் ஆடுகிறது என்று அழைப்பு வர, டாக்டர் பால்கனிக்குப் போனார். மனைவியும் மச்சினனும் பிஸ்கட் எடுக்கச் சமையலறைப் பக்கம் போனார்கள். சீட்டு மேசையில் கவிழ்ந்து கிடந்தது. எடுத்துப் பார்ப்பது அநாகரிகம்… ஆனால் கோணலாகக் கிடப்பதை நேராக வைக்கலாமே, வரைவாளர்கள் செய்கிற காரியம்தானே, நேராக வைக்கும்போது அதுவாகத் திரும்பினால்? திரும்பியது. 'ஒன்று: பூட்டு, காவலாளி, திருடன், எல்லாம் வரைவாளர் சொல்வதே. இரண்டு: படகு வீட்டுக் கதவுக்குப் பின்னால் என்ன? மேடத்தைக் கேள். மூன்று: பிஸ்கட்.' ஆக, பஸ்ஸிலும் குளியலறையிலும் வாரம் முழுக்க யோசித்த அந்த ஏழு காரணங்களும்… இந்த ஆளுக்குத் தயாரிப்பு வேலை பார்த்துக் கொடுத்தது தான்தானா, சம்பளமில்லாமல், பெருமையோடு வேறு? இப்போதே உரக்கப் படித்தால் டாக்டரின் சாயம் வெளுக்கும், கைகள் தன் பக்கம் வரும். ஆனால் கூடவே துப்பறியும் மூளையும் போகும், தோளில் தட்டியதும் போகும். சீட்டைக் கவிழ்த்து, முன்பிருந்த அதே கோணலில் வைத்தார்.

எல்லாரும் திரும்பி வந்து உட்கார்ந்ததும் டாக்டர் தொடங்கினார். "படகு வீட்டுக் கதவு திறக்குது. மேடம், உள்ள என்ன இருக்கு? நீங்களே சொல்லுங்க."

அவள் யோசிக்கவேயில்லை. "ஒரு ஆள் முதுகு காட்டி உக்காந்திருக்கான். சுத்திலும் காகிதம். வரைஞ்சிட்டே இருக்கான். கூப்பிட்டா, ரெண்டு நிமிஷம்பான். பக்கத்துல வச்ச டீ ஆறிப்போயிருக்கு."

"எந்த வருஷத்து ரெண்டு நிமிஷம்க்கா?" என்றான் மச்சினன் பிஸ்கட்டோடு. டாக்டர் வரைவாளர் பக்கம் திரும்பினார்.

"சார், உங்க ஆளு என்ன பண்றாரு?"

பகடையை உருட்டாமல் மேசையில் வைத்தார். விசித்திரம், இப்போது வயிறு எரிந்தது டாக்டரைப் பார்த்து இல்லை, அந்த முதுகுக்காரனைப் பார்த்து… இத்தனை நாள் ஒருத்தி வாசலில் நின்று இவ்வளவு நுணுக்கமாகப் பார்த்திருக்கிறாள், மடையன், திரும்பவேயில்லை. அறுபத்திரண்டு பக்கத்தில் எங்கேயும் இல்லாத ஒரு கேள்வி வாயில் வந்தது.

"அந்த டீயைக் கொண்டுவந்து வச்சது யாரு?"

மனைவி அவரையே பார்த்தாள். பிறகு குனிந்து, அவருக்கு மட்டும் கேட்கிற குரலில், "ஏன், அது சீட்டுல இல்லையா?" என்றாள்.

சீட்டைத் திருப்பியதைப் பார்த்துவிட்டாள். இப்போதுதான் புரிந்துகொண்டாளா, இல்லை, சீட்டில் என்ன இருக்கும் என்று முதல் வாரத்திலிருந்தே தெரியுமா? தெரிந்தும் தோளில் தட்டினாள் என்றால்… அது எதற்காக?