தம்பிக்கு எடுத்த கல்யாண வீடியோ

நியூயார்க்கிலிருந்து வந்த புதுச் சட்டையின் முதுகை எர்மிலா கத்தரிக்கோலால் கழுத்திலிருந்து கீழ்வரை ஒரே வெட்டாக வெட்டினாள். விறைத்துப்போன உடம்புக்குச் சட்டை மாட்ட வேறு வழியில்லை. ஆனாலும் அவ்வளவு நிதானமாக வெட்டியிருக்க வேண்டியதில்லை.

அப்பா செத்தது நேற்றுக் காலையில். நேற்றே அவரைக் குளிப்பாட்டி, அவள் கையால் தைத்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக் கிடத்தியிருந்தாள். இன்று விடிந்ததும் தொமித்திலா அத்தை வந்து, உன் தம்பி நசாரியோ வருகிறான் அல்லவா, அவன் அனுப்பிய சட்டையில் அப்பாவைப் பார்த்தால் பிள்ளைக்கு ஆறுதலாக இருக்கும் என்றாள். சுற்றி இருந்த பெண்களும் அதுதான் சரி என்றார்கள். தைத்தவளிடம் யாரும் கேட்கவில்லை.

ஆபெல் மறுபக்கம் நின்று மாமனாரைத் தூக்கிப் பிடித்தான். அவன் எர்மிலாவுக்குக் கணவனாகி இன்றோடு ஐந்து நாள். ரொட்டிக் கடை வைத்திருப்பவன், மனைவியை இழந்தவன். அவளுக்கு நாற்பத்தொரு வயது. முற்றத்தில் கல்யாணத்துக்குக் கட்டிய தார்ப்பாய் இன்னும் அவிழ்க்கப்படவில்லை. வாடகை நாற்காலிகளைக்கூடத் திருப்பவில்லை. சனிக்கிழமை மோலே குழம்பு கொதித்த அதே அண்டாவில் இப்போது துக்கத்துக்கு வருகிறவர்களுக்காக மொச்சை வெந்துகொண்டிருந்தது.

அடக்கம் இன்று சாயங்காலம் நடந்திருக்க வேண்டும். நசாரியோவுக்காக அதை நாளைக்குத் தள்ளிவைத்துவிட்டார்கள். பெட்டிக்குக் கீழே ஐஸ் வைத்திருந்தார்கள். வாடை தெரியாமலிருக்கப் பக்கத்தில் ஒரு தட்டில் வினிகரும் நறுக்கிய வெங்காயமும் இருந்தன. அப்பாவும் அவனுக்காகத்தான் காத்துக் கிடந்தார். அவன் போனதிலிருந்து பதினாலு வருஷம் உயிரோடு காத்திருந்தது போதாது போல.

நசாரியோ அவளுக்கு நாலு வயது இளைய தம்பி. மலை இறங்கி, பாலைவனம் நடந்து, எல்லை தாண்டிப் போனவன். நியூயார்க்கில் ஒரு ஓட்டல் சமையலறையில் வேலை. அங்கே இருக்க அனுமதிக் காகிதம் இல்லாதவன் என்பதால் போனவன் போனவன்தான். அங்கேயே ஒருத்தியைக் கட்டிக்கொண்டான், இரண்டு பெண் குழந்தைகள். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுவான். அன்று அப்பா சவரம் பண்ணிக்கொள்வார். போனில் பேச எதற்குச் சவரம் என்று எர்மிலா ஒருமுறை கேட்டதற்கு, இன்னும் கொஞ்சம் சோப்புத் தடவிக்கொண்டார். வாரத்தின் மற்ற ஆறு நாளும் அவருக்குக் காப்பி போட்டு, கால் நகம் வெட்டி, இருமலுக்கு மார்பு தேய்த்துவிட்டது அவள். அந்த ஆறு நாளில் அவர் ஒரு நாளும் அவளுக்காகச் சவரம் பண்ணிக்கொண்டதில்லை.

கல்யாணம் என்றால் அந்த ஊரில் ஒவ்வொன்றின் செலவுக்கும் ஒரு பத்ரினோ பொறுப்பேற்றுக்கொள்வார். மோதிரத்துக்கு ஒருவர், கேக்குக்கு ஒருவர், பேண்டு வாத்தியத்துக்கு ஒருவர். வீடியோவுக்கு நான் என்று நசாரியோ போனில் சொல்லிவிட்டான். ஊரில் வீடியோ எடுக்கும் சில்வெரியோவை அவனே கூப்பிட்டுப் பேசி அமர்த்தினான். எதை எதை எடுக்கவேண்டும் என்று பட்டியலும் அவனே கொடுத்தான். அவள் கல்யாண வீடியோவுக்கு அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கோயிலுக்குப் புதிதாகக் கட்டிய மணிக்கூண்டு, பள்ளிக்கூடத் தெரு, பன்றிப் பட்டி, அம்மாவின் கல்லறை, இவையெல்லாம் பட்டியலில் இருந்தன.

கல்யாணத்தன்று அப்பா வீடியோக்காரனின் முழங்கையை விடவே இல்லை. அவள் கோயில் படியில் வெள்ளை உடுப்போடு இறங்கும்போது, "அத விடு, மணிக்கூண்ட எடு, அவன் பாத்ததில்ல" என்று காமிராவை மேலே திருப்பினார். அதையாவது அவள் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாதது அப்பாவும் மகளும் ஆடும் ஆட்டம். இருபது வருஷமாக மற்றப் பெண்களின் கல்யாணங்களில் சுவரோரம் நின்று பார்த்து வந்த ஆட்டம் அது. வாத்தியம் தொடங்கியது. அப்பா அவள் இடுப்பில் கை வைத்தார். மூன்றடி வைத்ததும் அவளை மெல்லத் திருப்பினார், இன்னொரு முறை திருப்பினார். தன் முகம் காமிராவுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக. பிறகு அவள் தோளுக்கு மேலாக, "பாத்தியா நசாரியோ, முட்டி வலியெல்லாம் போச்சு" என்றார். பாட்டு முடியும்வரை அவளுக்குத் தெரிந்ததெல்லாம் எதிர்ச் சுவர்தான்.

ஞாயிறு அவள் ஆபெல் வீட்டுக்குப் போனாள். இரண்டு தெரு தள்ளித்தான். செவ்வாய்க்கிழமை காலையில் அப்பாவுக்குக் காப்பி போட வரச் சற்று நேரமாகிவிட்டது. வந்தபோது அவர் முற்றத்தில் வாடகை நாற்காலி ஒன்றில் உட்கார்ந்தபடி போயிருந்தார். திங்களன்று அவளிடம் கடைசியாகக் கேட்டது, "வீடியோ வந்துருச்சா?" என்பதுதான்.

நேற்று மதியம் செய்தி சொன்னபோது நசாரியோ வெகுநேரம் அழுதான். பிறகு, வர வழியில்லை அக்கா, சில்வெரியோவிடம் சொல்லிவிட்டேன், அடக்கம் முழுக்க அவன் எடுத்து அனுப்புவான் என்றான். அவளுக்கு அங்கேதான் பற்றிக்கொண்டது.

"நீ பிள்ளைன்னா உன் கால்ல நடந்து வா. அடுத்தவன் கண்ண வாடகைக்கு அனுப்பாத" என்று சொல்லி போனை வைத்தாள்.

ஒரு மணி நேரம் கழித்து அவன் அத்தை வீட்டுக்குக் கூப்பிட்டு, வருகிறேன் என்றான். அப்போதிலிருந்து வீட்டின் முகமே மாறிவிட்டது. பெண்கள் அண்டாவில் இன்னும் இரண்டு படி மொச்சை போட்டார்கள். பெட்டியின் முன்பக்கத்தைத் தூக்குவதாக இருந்த ஆபெலைப் பின்பக்கத்துக்கு மாற்றினார்கள். அழுதுகொண்டிருந்த அத்தைகூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவனுக்கு எங்கே படுக்கை போடுவது என்று யோசித்தாள். வா என்று சொன்னவள் எர்மிலாதான். அவன் வருகிறான் என்றதும் வயிறு எரிந்ததும் அவளுக்குத்தான்.

சட்டையின் வெட்டிய ஓரங்களை முதுகுக்கு அடியில் செருகிக்கொண்டிருந்தபோதுதான் சில்வெரியோ வாசலில் வந்து நின்றான். தோளில் காமிராப் பை. எர்மிலா வெளியே போய், எடுக்க ஒன்றும் இல்லை, கூலி கொடுத்தவனே நேரில் வருகிறான், நீ போகலாம் என்றாள். அவன் போகவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, படம் எடுக்க வரவில்லை என்றான்.

"எர்மிலாக்கா, கல்யாண கேசட்டுல ஒண்ணு இருக்கு. நீங்க பாத்தே ஆகணும். உங்க தம்பி அங்கருந்து கிளம்புறதுக்குள்ள."

சமையலறைக்கு அடுத்து சோளம் கொட்டி வைக்கும் அறையில், போன் இருந்த மேசையின் மேல் அவன் காமிராவை வைத்தான். பக்கவாட்டில் உள்ளங்கை அளவு திரையைத் திறந்துவிட்டான். விருந்து நடந்தபோது அவள் அப்பா தோன் ஃபெர்மின் தன்னைப் பட்டிப் பக்கம் கூட்டிப்போனதாகச் சொன்னான். இதைக் கடைசியில் சேர், நான் இருக்கும்வரை யாருக்கும் காட்டாதே என்று சொன்னாராம். அவர் இன்னும் பத்து வருஷம் இருப்பார் என்று சில்வெரியோ நினைத்திருக்கிறான்.

திரையில் அப்பா வெள்ளைச் சட்டையோடு நின்றார். தூரத்தில் வாத்தியச் சத்தம். கழுத்தை முன்னால் நீட்டிக் காமிராவின் கண்ணாடிக்குள் எதையோ தேடினார்.

"நசாரியோ, தெரியுறனாப்பா? இவன் இதத்தான் பாக்கச் சொல்றான். அங்க சத்தமா இருக்குன்னு இங்க வந்தேன். அக்கா கல்யாணம் நல்லா நடக்குது. உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். நான் போயிட்டேன்னு சேதி வந்தா நீ வராத. வந்தா, திரும்பிப் போக மறுபடி பாலைவனத்துல நடக்கணும். ரொசெந்தோ மவன் அப்படித்தான் நடந்தான். அவங்கம்மா கையில ஒரு பெல்ட்டத்தான் கொண்டாந்து குடுத்தாங்க. உன் பிள்ளைங்க அங்க இருக்கு. நீ அதுங்களோட இரு. இங்க எர்மிலா இருக்கா, எல்லாம் பாத்துப்பா. அவளுக்கு நான் ஒண்ணும் சொல்ல வேண்டியதில்ல."

அவள் சட்டென்று பொத்தானை அழுத்தி நிறுத்தினாள். கடைசி வார்த்தை காதில் நின்றது. அவளுக்குச் சொல்ல அவரிடம் ஒன்றும் இருக்கவில்லை.

இதை யாரிடமும் சொல்லாதே, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சில்வெரியோவை முற்றத்துக்கு அனுப்பினாள். காமிராவை விட்டுவிட்டுப் போகச் சொன்னாள். பிறகு சோள மூட்டையின் மேல் உட்கார்ந்தாள். ஒன்றும் சொல்லாமல் இருந்துவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. வரட்டும். வந்து பெட்டியைத் தூக்கட்டும். போகும்போது பாலைவனம் இருக்கட்டும். அந்த நினைப்பு வந்த வேகத்தில் அவளுக்கே உடம்பு கூசியது. படமாகக்கூடப் பார்த்திராத அந்தப் பெண் குழந்தைகளின் பெயர்களை மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள். பெரியவள் பெயர் மட்டும் வந்தது.

சரி, சொல்லிவிடுவது. ஆனால் கேசட்டைப் பற்றி எதற்குச் சொல்ல வேண்டும்? அப்பா இதை அவளிடம் சொன்னதாகவே சொல்லலாம். திங்கட்கிழமை, அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது, அவள் கையைப் பிடித்துக்கொண்டு. சாகப்போகிற மனிதர் மகளிடம் சொல்லக்கூடியதுதானே. அவள் அந்தக் காட்சியை முழுதாகக் கட்டி முடித்திருந்தபோது போன் அடித்தது.

நசாரியோதான். டாக்சி கீழே நிற்கிறது, நாளை மதியத்துக்குள் வந்துவிடுவேன், அதுவரை மூட வேண்டாம் என்றான். பின்னால் ஒரு பெண் விசும்புவதும் குழந்தை ஒன்று அவளுக்குப் புரியாத மொழியில் ஏதோ கேட்பதும் கேட்டது.

"வராத" என்றாள் எர்மிலா. "அப்பா எங்கிட்ட சொன்னாரு. தான் போயிட்டாலும் நீ வரக்கூடாதுன்னு சொன்னாரு."

அவன் கேட்டான். "எப்ப சொன்னாரு?"

"திங்கக்கிழமை."

"நேத்து நீ வான்னு சொன்னியே."

அவள் போன் வயரை விரலில் சுற்றினாள்.

"அக்கா, சின்ன வயசுலருந்தே நான் அவர் பக்கத்துல உக்காந்தா உனக்குப் பொறுக்காது" என்றான். அவன் குரலில் கோபம் இல்லை, களைப்புத்தான் இருந்தது. "இன்னிக்கி ஒரு நாளாவது விடு. நான் வரேன்."

அவன் சொன்னது பொய்யில்லை. பொய்யாக இருந்திருந்தால் அவள் சண்டை போட்டிருப்பாள்.

"வைக்காத. டாக்சிய நிக்கச் சொல்லு. ஒண்ணு கேக்கணும் நீ" என்றாள்.

ஒற்றைக் கையால் நாடாவைப் பின்னால் ஓட்டினாள். அது தாண்டிப் போய்விட்டது, மறுபடி முன்னால் ஓட்டினாள். அப்பாவின் கழுத்து நீண்டு வருவதைக் கண்டதும் போனின் காதுப்பக்கத்தைத் தன் காதிலிருந்து எடுத்து, வாய்ப்பக்கத்தைக் காமிராவின் சின்னத் துளைகளோடு ஒட்டிப் பிடித்தாள். நழுவாமலிருக்க இரண்டு கைகளாலும் பிடிக்கவேண்டியிருந்தது. அந்தப் பக்கம் என்ன நடந்தது என்று அவளுக்குக் கேட்கவில்லை. அப்பாவின் குரலும் அவள் விரல்களுக்குள் அமுங்கி, முனகலாகத்தான் வந்தது. வாய் அசைவதை மட்டும் பார்த்தாள். பெல்ட் என்று சொல்லும் இடம் தெரிந்தது. தன் பெயர் வரும் இடமும் தெரிந்தது.

அவர் பேசி முடித்தார். கைகள் இரண்டும் போனில் இருந்ததால் அவளால் நிறுத்த முடியவில்லை. நாடா ஓடிக்கொண்டே இருந்தது. சில்வெரியோ காமிராவை அணைக்க மறந்துபோய் ஏதோ திட்டின் மேல் வைத்திருக்க வேண்டும். படம் சாய்ந்து, பட்டியின் வேலியும் கவிழ்த்துப்போட்ட ஒரு வாளியும் தெரிந்தன. அப்பா வாளியின் மேல் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டார். அடுத்து ஒரு வெள்ளை உடுப்பு குறுக்கே வந்தது. உடுப்பின் மேல் சமையலறை ஏப்ரன். கையில் துணி மூடிய தட்டு.

அது தான்தான் என்று அவளுக்கு உடனே பிடிபடவில்லை.

திரையில் இருந்தவள் என்னவோ கேட்டாள். அப்பா தட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, நிமிர்ந்து பார்க்காமலே சாப்பிடத் தொடங்கினார். அவள் போகவில்லை. கோழிகள் தட்டை நோக்கி வந்தன. அவள் முக்காட்டின் நுனியைக் கையில் சுருட்டிக்கொண்டு, அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை, அவற்றை ஒவ்வொன்றாக விரட்டிக்கொண்டு நின்றாள்.