பத்தில் நாலு பங்கு மழை

லெபோனாவைவிட அவனுடைய மழைமானிக்கு ஹா செகோபே என்ற ஊரில் மரியாதை ஒரு படி கூடுதல். அதைச் சுற்றியாவது முள்வேலி இருந்தது. ஒரு கம்பம், கம்பத்தின் மேல் ஒரு புனல், புனலுக்கு அடியில் கோடு போட்ட கண்ணாடிக் குழாய். தினமும் காலை எட்டு மணிக்கு லெபோனா போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வேலிக்குள் போவான். குழாயை உருவிக் கண்ணுக்கு நேராகப் பிடிப்பான், ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பான், மாவட்ட வானிலை அலுவலகத்துக்குச் செய்தி அனுப்புவான். தொண்ணூற்றிரண்டு நாளாக அவன் அனுப்பியது ஒரே செய்திதான்: சைபர்.

"அதுக்கு எதுக்கு ஒரு கண்ணை மட்டும் மூடுற?" என்பான் அடுத்த வீட்டு ராமொஹாபி, வேலிக்கு வெளியே பல் குத்திக்கொண்டு. "ரெண்டையும் மூடிக்கிட்டாலும் சைபர்தானே வரப்போகுது."

ராமொஹாபி எது சொன்னாலும் ஊர் சிரிக்கும். அவனிடம் நாலு உழவு மாடுகள் இருந்தன. லெபோனாவிடம் இருந்தது மூன்று நாள் பயிற்சி முடித்ததற்கான ஒரு சான்றிதழும், அலுவலகம் கொடுத்த மஞ்சள் மழைக்கோட்டும். கோட்டின் மடிப்பு இன்னும் கலையவில்லை.

பீச் மரங்கள் பூத்து ஓய்ந்து, கிளைகளில் பட்டாணி அளவுக்குப் பிஞ்சு பிடித்திருந்த ஒரு திங்கட்கிழமை, மாகராபோ வந்தாள். கராபோவின் அம்மா என்பதால் மாகராபோ. கணவன் எல்லைக்கு அப்பால் சுரங்கத்தில் வேலை செய்தான், வருஷத்துக்கு ஒரு முறை வருவான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவளுடைய மாடுகளை யாரோ ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அன்றிலிருந்து அவள் வயல் தரிசு.

"ந்தாத்தே லெபோனா, ஒண்ணே ஒண்ணு கேக்கணும். சனிக்கிழமைக்குள்ள மழை வருமா?" ஐயா என்பதற்கு அந்த ஊரில் ந்தாத்தே, அம்மா என்பதற்கு ம்மே.

கேள்வி ஏன் வந்தது என்று லெபோனாவுக்கு விளக்க வேண்டியதில்லை. மூன்றாம் வருஷமும் ஏர் இறங்காத நிலத்தை ஊர்த்தலைவர் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடலாம். இந்த முறை கொடுத்துவிடுவேன் என்று சொல்லியும் விட்டார். மாடு இல்லாதவள் உழ வேண்டுமென்றால் ஊரைக் கூட்டி உழ வேண்டும். ஊர் கூட வேண்டுமென்றால் சோளக்கள் வேண்டும். கள் பொங்கிப் பக்குவமாக ஆறு நாள் ஆகும், பக்குவமானபின் ஒரு நாள் தாங்கும். ஆகவே இன்றைக்கு ஊறல் போடுகிறவள், ஆறாம் நாள் மண்ணில் ஈரம் இருக்கும் என்று இன்றைக்கே பந்தயம் கட்டுகிறாள்.

லெபோனா போனை எடுத்துப் பார்த்தான். அலுவலகத்தின் பத்து நாள் கணிப்பு தெளிவாகவே இருந்தது: ஒரு உழவு மழைக்கு வாய்ப்பு, பத்தில் நாலு பங்கு.

பிறகு அவள் முகத்தைப் பார்த்தான். அங்கேதான் தப்பு நடந்தது. பயிற்சியில் மேகத்தைப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தார்கள், காற்றைப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தார்கள். கேட்கிறவர் முகத்தைப் பார்க்காதே என்று யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

"வரும், ம்மே," என்றான். "தாராளமா வரும். ஊறல் போடுங்க."

செவ்வாயன்று மாகராபோ வீட்டுப் பக்கம் புளித்த வாசனை எழுந்தது. வானம் கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி இருந்தது. புதனன்றும் அப்படியே. லெபோனா காற்றின் திசையை ராமொஹாபி வீட்டு வெள்ளைக் கொடியை வைத்துப் பார்ப்பது வழக்கம். ராமொஹாபியின் மனைவி கள் விற்கிற நாட்களில் மூங்கிலில் கட்டும் கொடி அது. வடகிழக்கிலிருந்து வீசினால் நல்ல சேதி. மூன்று நாளும் கொடி மேற்குக் காற்றில் பிடிவாதமாகப் படபடத்தது. போகிறவர்கள் வருகிறவர்களெல்லாம் அவன் கொடியையே பார்த்து நிற்பதைக் கண்டு, ஆள் குடிக்க ஆரம்பித்துவிட்டான் என்று முடிவுகட்டினார்கள். வெள்ளிக்கிழமை ஒரு மேகம் வந்தது. ஒன்றே ஒன்று. லெபோனா அதை வழியனுப்பும் வரை கூடவே நடந்தான்.

சனிக்கிழமை காலை மூன்று ஏர் மாடுகளோடு ஊர் வந்துவிட்டது. கள் பக்குவமாகிவிட்டதே, வராமல் இருப்பார்களா? ராமொஹாபி முதல் ஏரை இறக்கினான். கொழு மண்ணில் பட்டுத் துள்ளியது. நிலத்தில் கோழி கிளறின அளவுக்கு ஒரு கோடு விழுந்தது. இரண்டாவது ஏரில் கொழுவே முறிந்தது. மாடுகள் திரும்பி மனிதர்களைப் பார்த்த பார்வையில், இது யார் யோசனை என்ற கேள்வி இருந்தது.

"லெபோனா," என்றான் ராமொஹாபி, "உன் மழைக்கு நம்மூர் வழி சரியா சொல்லி அனுப்பினியா? பாவம், எந்த ஊர்ல நின்னு விசாரிச்சுக்கிட்டிருக்கோ."

வயலோரம் உட்கார்ந்து குடித்தார்கள். நல்ல கள். மத்தியானத்துக்குள் பானைகளின் அடி தெரிந்தது, பாட்டு தொடங்கியது. மாகராபோ யாரையும் ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. லெபோனாவுக்கும் ஒரு குவளை நிறைய, நுரை வழிய, ஊற்றிக் கொடுத்தாள். திட்டியிருந்தால் அவன் மென்று முழுங்கியிருப்பான். குவளையை அவனால் முழுங்க முடியவில்லை.

"ம்மே, கணிப்புல பத்துல நாலுன்னுதான் போட்டிருந்தது," என்றான். "நான்தான் பத்துக்குப் பத்துன்னு சொல்லிட்டேன்."

பாட்டு நின்றது.

"நாலுன்னு சொல்லியிருந்தா நான் ஒரு வாரம் தள்ளியிருப்பேன்ல," என்றாள் மாகராபோ. குரல் உயரவில்லை. "வீட்ல இருந்த சோளம் மொத்தமும் இதுல போயிடுச்சு. இனிமே எதை வச்சு ஊரைக் கூப்பிடுவேன்?"

"அடுத்த கள் என் பொறுப்பு," என்றான் லெபோனா.

ஊரே கேட்டது. வார்த்தையைத் திரும்ப வாங்க வழியில்லை.

"தாராளமா," என்றாள் வீட்டில் அவன் மனைவி மாநேயோ. "முளைகட்டின சோளம் மூலையில இருக்கு. அம்மிக்கல்லு அங்க இருக்கு."

"நீ ஊறல் போட்டுத் தருவேன்னு..."

"நேயோ அப்பா, மழை வரும்னு சொன்னது யாரு? நானா?"

ஹா செகோபேயில் ஆண்கள் கள் குடிப்பார்கள், குறை சொல்வார்கள். காய்ச்சினது கிடையாது. திங்கட்கிழமை லெபோனா மண்டியிட்டு மாவரைக்க ஆரம்பித்தபோது, முற்றத்தில் ஏழு பெண்கள் பின்னல் வேலையோடு வந்து உட்கார்ந்தார்கள். ராமொஹாபி சொந்தமாக முக்காலி கொண்டுவந்தான்.

"இடுப்பை வளைக்கணும் ந்தாத்தே, மாவுக்குக் கும்பிடு போடக்கூடாது," என்றாள் பெண்களில் ஒருத்தி.

"தண்ணி எவ்வளவு ஊத்தணும்?" என்றான் லெபோனா.

"போதும்னு தோணுற வரைக்கும்."

அவனுக்கு எதுவும் தோணவில்லை. அதனால் மழைமானியின் கண்ணாடிக் குழாயை எடுத்துவந்து, கோடு பார்த்து அளந்து ஊற்றினான். அலுவலகம் கொடுத்த வெப்பமானியை ஊறலில் விட்டு, சூட்டைக் குறிப்பேட்டில் எழுதினான். பெண்கள் சிரித்த சிரிப்பில் இரண்டு பேருக்குப் பின்னல் கண்ணி தவறியது.

அன்றைக்கே புதுக் கணிப்பும் வந்தது. இந்த முறை அவன் யார் முகத்தையும் பார்க்காமல், பானையைப் பார்த்துக்கொண்டே வாசித்தான். "வாரக் கடைசியில மழை, பத்துல ஆறு. மீதி நாலும் இருக்கு, அதையும் மறக்காதீங்க. சனிக்கிழமை கள்."

புதன்கிழமை மத்தியானம் அடுப்படியில் ஊறலைக் காய்ச்சிக்கொண்டிருந்தான். கண்ணில் புகை, கையில் துடுப்பு, முகமெல்லாம் கஞ்சித் தெறிப்பு. ராமொஹாபி முக்காலியிலிருந்து எழுந்தான்.

"கொடி திரும்பிடுச்சு," என்றான். கேலி இல்லாத குரல். அதைக் கேட்டே லெபோனா பயந்துபோனான்.

வெளியே வந்தபோது மலைக்குப் பின்னாலிருந்து கறுப்பு ஏறிக்கொண்டிருந்தது. முதல் சொட்டுகள் புழுதியில் நாணய அளவுக்குக் குழி போட்டன. பிறகு கணக்கே இல்லை. கோழிகள் ஓடின, கோவணம் கட்டிய சின்னப் பிள்ளைகள் எதிர்ப்பக்கம் ஓடினார்கள். தகரக் கூரைகள் போட்ட சத்தத்தில் யார் பேசினதும் யாருக்கும் கேட்கவில்லை. லெபோனா மடிப்புக் கலையாத மஞ்சள் கோட்டை மறந்து, சட்டையோடு முற்றத்தின் நடுவில் முகத்தை அண்ணாந்துகொண்டு நின்றான்.

அப்புறம்தான் ஞாபகம் வந்தது. வேலிக்குள் ஓடினான். புனல் இருந்தது. புனலுக்கு அடியில் ஒன்றும் இல்லை. மழை புனல் வழியாக ஒழுங்காக இறங்கி, கம்பத்தடியில் இருந்த முள்செடிக்குப் பாய்ந்துகொண்டிருந்தது. குழாய் அடுப்படியில், பாதி ஊறலோடு.

வியாழன் காலை எட்டு மணி. ஊரே சேறு.

"முப்பது மில்லிமீட்டர்னு போடு," என்றான் ராமொஹாபி. "என் வாளி பாதி நிறைஞ்சிருக்கு. யாருக்குத் தெரியப்போகுது?"

நூறு நாளாகச் சைபர் அனுப்பியவனுக்கு முப்பது என்ற எண் எவ்வளவு அழகாக இருக்கும் என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை. லெபோனா போனை எடுத்தான்.

"ஒரு தடவை அழகா சொல்லி ஒரு பானைக் கள்ளுக்கு மாட்டிக்கிட்டேன்," என்றான். 'மழை பெய்தது. அளக்கவில்லை. குழாய் கள்ளில் இருந்தது' என்று எழுதி அனுப்பினான்.

உண்மையான கவலை அதுவல்ல. மழை மூன்று நாள் முந்திக்கொண்டது. கள் இன்னும் கள்ளாகவில்லை. ஈரம் சனிக்கிழமை வரை காத்திருக்காது, இந்த வெயிலுக்கு இரண்டு நாளில் மண் இறுகிவிடும். இன்றைக்கு மாடு வைத்திருக்கிறவனெல்லாம் சொந்த வயலுக்குத்தான் போவான். கள் இல்லாமல் மாகராபோ வயலுக்கு யார் வருவார்கள்?

லெபோனா பானையைத் தலையில் வைத்துக்கொண்டு ராமொஹாபி வீட்டுக்குப் போனான். ஆண்பிள்ளை தலையில் பானை தூக்கி அந்த ஊர் பார்த்ததில்லை, ஆகையால் கூட்டமும் பின்னால் போனது. மாகராபோ கையில் விதை மூட்டையோடு கூட்டத்தின் கடைசியில் நின்றாள்.

ராமொஹாபி குவளையில் மொண்டு ஒரு வாய் குடித்தான். யோசித்தான். இன்னொரு வாய் குடித்தான்.

"இது கஞ்சி," என்றான்.

"தெரியும்."

"புளிச்ச கஞ்சி. எங்க கன்னுக்குட்டிகூட மறுவாய் குடிக்காது."

"தெரியும் ராமொஹாபி. சனிக்கிழமை கள்ளாயிடும். அன்னிக்கு வந்து வாங்கிக்க. இன்னிக்கு மாட்டைக் கொடு."

ராமொஹாபி குவளையைக் கீழே வைத்துவிட்டு மாடுகளுக்கு நுகம் பூட்ட ஆரம்பித்தான். சொந்த வயலுக்கா, மாகராபோ வயலுக்கா என்று யாரும் கேட்கத் துணியவில்லை. பூட்டி முடித்துவிட்டுத் திரும்பினான்.

"இந்த நாலு நாள் உன் முற்றத்துல நான் சிரிச்ச சிரிப்பு, என் ஆயுசுக்குச் சிரிச்சதில்ல," என்றான். "அந்தக் கூலிக்கே ரெண்டு ஏர் உழணும். ம்மே மாகராபோ, விதையை எடுத்துக்கிட்டு முன்னால நடங்க."

ராமொஹாபி போனால் ஊர் போகும். மத்தியானத்துக்குள் மூன்று ஏரும் வயலைக் கரைக்குக் கரை புரட்டிவிட்டன. கொழு மண்ணில் வெண்ணெயில் போவது மாதிரிப் போனது. மாகராபோ சால் பின்னாலேயே நடந்து மக்காச்சோளம் விதைத்தாள். வயலோரம் வந்து நின்ற ஊர்த்தலைவர் புரண்ட மண்ணை ஒரு பிடி எடுத்து அழுத்திப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் குதிரை ஏறிப் போனார். அவர் ஒன்றும் சொல்லாமல் போனால் நிலம் உன்னுடையது என்று அர்த்தம். இடைவேளையில் எல்லோரும் அந்தக் கஞ்சியையும் குடித்துத் தீர்த்தார்கள். உழைத்த வாய்க்கு அது அவ்வளவு மோசமாகவும் இல்லை. சனிக்கிழமைக்கு என்று மிச்சம் வைக்கத்தான் மறந்துபோனார்கள்.

மூன்று வாரம் கழித்து, முளை கணுக்கால் உயரம் வந்த வயலில் மாகராபோ களை கொத்திக்கொண்டிருந்தாள். வரப்பில் வைத்திருந்த ரேடியோ ஊர் ஊராக அந்த மாதத்து மழை அளவை வாசித்தது. இருபத்தெட்டு, முப்பத்தொன்று, நாற்பது. "ஹா செகோபே," என்றது ரேடியோ, "தகவல் இல்லை."

மாகராபோ களைக்கொத்தை ஊன்றிக்கொண்டு சிரித்த சிரிப்பு, இரண்டு வயல் தள்ளி இருந்த லெபோனாவுக்குக் கேட்டது.

அந்த ஞாயிறு சர்ச் முடிந்ததும், இப்போது வழக்கமாகிவிட்டபடி ஊர்த்தலைவர் முற்றத்தில் லெபோனா கணிப்பை வாசித்தான்.

"அடுத்த பத்து நாள்ல மழை. பத்துல மூணு."

யாரும் வானத்தைப் பார்க்கவில்லை.

"கள்ளுக்குப் பானை வச்சிருக்கீங்களா ந்தாத்தே?" என்றாள் மாகராபோ.

"இல்ல, ம்மே. வைக்கல."

"அப்ப சரி," என்று பெண்கள் எழுந்தார்கள். நாளைக்குக் கம்பளி துவைத்துப் போடலாம்.