இருபத்துநாலு கைகள்

பத்தொன்பது வருஷமாக நாலாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவளை நாற்பத்தைந்து வயதில் மறுபடி மாணவியாக்கியது ஒரு சுற்றறிக்கை. இன்டர்நேஷனல் பள்ளிக்கூடங்களில் சுற்றறிக்கைக்குப் பஞ்சமே கிடையாது. ஷூவின் நிறத்துக்கு ஒன்று வரும், கை கழுவும் சோப்புக்கு ஒன்று வரும், யாரும் பாதிக்கு மேல் படிப்பதில்லை. இதை மட்டும் எல்லாரும் இரண்டு தடவை படித்தார்கள். இரண்டு கல்வியாண்டு கழித்து, முதுநிலைப் பட்டம் இல்லாதவர்கள் வகுப்பாசிரியராக இருக்க முடியாது, துணை ஆசிரியராகத் தொடரலாம் என்றிருந்தது. துணை ஆசிரியர் என்றால் வேறொன்றுமில்லை. குழந்தைகளின் குட்டி நாற்காலியில் முழங்கால் மோவாயை இடிக்க உட்கார்ந்து, வேறொருத்தி பாடம் நடத்துவதைப் பார்த்துக்கொண்டு, பென்சில் சீவிக் கொடுக்க வேண்டும்.

கணக்கு மிஸ்ஸுக்கு (பள்ளியில் எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள், நமக்கும் அதுவே போதும்) அந்த நாற்காலியை நினைக்கவே பிடிக்கவில்லை. வகுப்பை இன்னொருத்தியிடம் தூக்கிக் கொடுப்பதைவிடப் படித்தே தொலைக்கலாம் என்று, வேலை பார்க்கும் ஆசிரியர்களுக்கான ஆன்லைன் முதுநிலைப் படிப்பில் சேர்ந்துவிட்டாள்.

சனிக்கிழமை மதியம் வகுப்பு. சாப்பாட்டு மேஜையின் ஒரு மூலையைத் துடைத்துவிட்டு லேப்டாப்பை வைத்தால் அது பல்கலைக்கழகம். திரையில் சின்னச் சின்னக் கட்டங்களில் முப்பது ஆசிரியர்கள், ஒவ்வொருவரும் ஒவ்வொரு ஊரில். அத்தனை பேரும் தங்கள் மாணவர்கள் செய்தால் திட்டுகிற காரியங்களையெல்லாம் கூச்சமில்லாமல் செய்தார்கள். ஒருத்தர் கேமராவை அணைத்துவிட்டுக் காணாமல் போவார், ஒருத்தி தலையை ஆட்டிக்கொண்டே காய் நறுக்குவாள். மிஸ்ஸின் வீட்டுக்காரர் மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவர். சனிக்கிழமை அவருக்கு ஓய்வு என்பதால், பனியனோடு வாளியைத் தூக்கிக்கொண்டு பின்னால் இரண்டு தடவையாவது போய்விடுவார். முப்பது பேருக்கும் அவரைத் தெரியும்.

இப்படியே பல்லைக் கடித்துக்கொண்டு ஒன்றே முக்கால் வருஷம் ஓடிவிட்டது. பாக்கி இருந்தது ஒரே ஒரு ஒப்படைப்பு. தன் வகுப்பில் முப்பது நிமிடப் பாடம் ஒன்றை வெட்டாமல் ஒட்டாமல் வீடியோ எடுக்க வேண்டும், கேமரா குழந்தைகளைப் பார்த்து இருக்க வேண்டும். பிறகு அதில் ஒரு குழந்தையை எடுத்துக்கொண்டு, அந்தக் குழந்தை எப்படி யோசிக்கிறது என்று தனக்குப் புதிதாக என்ன தெரிந்தது என்பதை இரண்டாயிரம் சொல்லில் எழுத வேண்டும். இதில் தேறினால் பட்டம், வகுப்பு அவளுக்கே. தேறாவிட்டால் அடுத்த வருஷம்தான் மறுபடி எழுதலாம். அதற்குள் குட்டி நாற்காலி வந்துவிடும்.

பாடத்தை யாராவது பார்க்க வருகிறார்கள் என்றால் ஆசிரியர்கள் என்ன செய்வார்கள் என்று ஆசிரியர்களுக்குத் தெரியும். ஒத்திகை பார்ப்பார்கள். மிஸ் செவ்வாய்க்கிழமை ஒரு தடவை அந்தப் பாடத்தை நடத்தினாள், புதன்கிழமை இன்னொரு தடவை நடத்தினாள், வியாழக்கிழமை கேமராவை வைத்தாள். அதோடு நிற்கவில்லை. இன்ஸ்பெக்‌ஷனுக்கென்றே அவள் வைத்திருந்த பழைய வித்தை ஒன்று உண்டு. கேள்வி கேட்டதும் வகுப்பில் ஒரு கை பாக்கியில்லாமல் அத்தனையும் மேலே போகவேண்டும். விடை தெரிந்தவர்கள் வலது கை, தெரியாதவர்கள் இடது கை. பார்க்கிறவருக்கு வகுப்பே சரஸ்வதி கடாட்சம் பெற்றதுபோல இருக்கும். மிஸ் வலது கைகளாகப் பார்த்துக் கூப்பிடுவாள். பெற்றோர் வந்து பார்க்கிற நாட்களுக்காகப் பழகிப் பழகி, இருபத்துநாலு பிள்ளைகளுக்கும் இது கை வந்த கலையாகிவிட்டது.

வியாழக்கிழமைப் பாடம் வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு போயிற்று. இரண்டில் ஒன்றும் நாலில் இரண்டும் ஒன்றுதான் என்று அழகாக நிரூபித்து முடிக்கவும் மணியடிக்கவும் சரியாக இருந்தது. மிஸ்ஸுக்கே தன்மேல் ஒரு மரியாதை வந்தது.

சனிக்கிழமை காலையில், இரண்டாயிரம் சொல்லுக்கு ஒரு குழந்தையைப் பிடிப்பதற்காக வீடியோவைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். முன்வரிசையில் வழக்கம்போல் பட்டாசாகப் பதில் சொன்ன நாலைந்து பேரைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. அவர்கள் சொன்னது புதன்கிழமை அவளே சொல்லிக்கொடுத்தது. மறுபடி ஓடவிட்டாள். மூன்றாவது தடவை பார்க்கும்போதுதான் ஜன்னலோர மேஜையில் கிளிப்பு கண்ணில் பட்டாள்.

கிளிப்பு என்பது மற்ற பிள்ளைகள் வைத்த பெயர். தலையில் இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று என்று கிளிப் குத்திக்கொண்டு வருவாள். சேட்டை கிடையாது, சத்தம் கிடையாது, நோட்டில் கோடுகூடக் கோணாது. அவளைப் பற்றி ஆசிரியர் அறையில் ஒருநாள்கூடப் பேச்சு வந்ததில்லை. அந்தப் பெண் ஒவ்வொரு கேள்விக்கும் முதல் ஆளாக இடது கையைத் தூக்கினாள். முழங்கை மடங்காமல், விரல்களெல்லாம் ஒட்டியபடி, கொடுத்த வேலையைச் சரியாகச் செய்கிற முகத்தோடு தூக்கினாள். மிஸ் எண்ண ஆரம்பித்தாள். பதினாலு கேள்வி, பதிமூன்று தடவை இடது கை.

ஒன்பதாவது கேள்விக்கு மட்டும் கை மாறியிருந்தது. மிஸ்ஸுக்குச் சந்தேகம் வந்து, எழுந்து நின்று திரைக்கு நேராகத் தன் இரண்டு கையையும் தூக்கிப் பார்த்துக்கொண்டாள். அந்த நேரம் பார்த்து வீட்டுக்காரர் உள்ளே வந்தார்.

"யாரு துப்பாக்கியைக் காட்டுறாங்க?"

"சும்மா இருங்க. இந்தப் பொண்ணு தூக்கியிருக்கிறது வலது கைதானே?"

அவர் குனிந்து பார்த்தார். "வலது கைதான். கொஞ்சம் தயங்கித்தான் போகுது."

அவர் சொன்ன பிறகுதான் அந்தத் தயக்கம் தெரிந்தது. இடது கை பாதி மேலே போய் இறங்குகிறது, வலது கை மெதுவாக ஏறுகிறது. திரைக்குள் மிஸ்ஸின் குரல் கேட்கிறது. "யாரு சொல்லப்போறா? ம்... வேற யாரு?" கிளிப்பின் கண்கள் கேமராவுக்குப் பக்கத்தில் நின்ற மிஸ்ஸையே பார்க்கின்றன. மிஸ் அந்த மேஜையைத் தாண்டிப் பின்னால் யாரையோ கூப்பிடுகிறாள். வலது கை இறங்குகிறது. அடுத்த கேள்விக்கு மறுபடி இடது கை, அதே முழங்கை மடங்காத நேர்த்தியோடு.

மிஸ்ஸுக்குச் சுருக்கென்றது. வருஷம் முழுக்க இடது கையாகவே இருந்த ஒரு பெண்ணை, அந்தப் பக்கமே பார்க்காமலிருக்கத் தன் கண் பழகிவிட்டது என்று புரிந்தது. வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல், துடைத்த மேஜையையே மறுபடி துடைத்தாள்.

திங்கட்கிழமை இடைவேளையில், மற்ற பிள்ளைகள் வெளியே ஓடிய பிறகு, கலர் பென்சில்களை அடுக்கிக்கொண்டிருந்த கிளிப்பின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். உட்கார்ந்தது குட்டி நாற்காலிதான். அது அப்போது உறைக்கவில்லை.

"வியாழக்கிழமை ஒரு தடவை வலது கையைத் தூக்கினியே கண்ணு, உனக்கு விடை தெரிஞ்சுதா?"

அந்தப் பெண்ணுக்கு முகம் வெளிறிவிட்டது. "தெரியாது மிஸ். ஸாரி மிஸ்."

"திட்டலைடா. அப்புறம் ஏன் தூக்கினே?"

கிளிப்பு ஒரு பென்சிலைப் பெட்டியில் வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். "வலது கையைத் தூக்கினா என்னைக் கூப்பிடுவீங்களான்னு பார்த்தேன்."

"கூப்பிட்டிருந்தா என்ன சொல்லியிருப்ப?"

"தெரியலைன்னு சொல்லியிருப்பேன்."

அன்று சாயங்காலம் வீடியோவைப் பல்கலைக்கழகத் தளத்தில் ஏற்றும்போது, கடைசிப் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம் வந்தது. "இந்தப் பாடம் இம்மாணவர்களுக்கு முன்னர் நடத்தப்படவில்லை, ஒத்திகையும் பார்க்கப்படவில்லை என்று உறுதியளிக்கிறேன்." அதில் ஒரு சரிக்குறி போட்டால் தீர்ந்தது. மற்றவர்களெல்லாம் படிக்காமலே போட்டிருப்பார்கள். மிஸ்ஸின் விரல் அங்கேயே நின்றது.

"யாருக்குத் தெரியப்போகுது?" என்றார் வீட்டுக்காரர். மனுஷர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஒன்றே முக்கால் வருஷமாகச் சனிக்கிழமைச் சமையல் அவருடையது.

"அந்தப் பொண்ணைப் பத்தி எழுதணும்னா அவ ஏன் இடது கையைத் தூக்கினாள்னு எழுதணுமில்ல? அதை எழுதிட்டு இதுல எப்படிங்க டிக் போடுறது?"

"அப்ப வேற பிள்ளையைப் பத்தி எழுது."

"வேற பிள்ளையைப் பத்தி எனக்குப் புதுசா ஒண்ணும் தெரியலையே."

அவர் கொடியில் கிடந்த துணிகளை உருவித் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு, "ரத்தத்தை மாத்தி வச்சிட்டு ரிப்போர்ட் எழுதினா எனக்கும் தூக்கம் வராது. எழுதிடு" என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போனார்.

மிஸ் சனிக்கிழமை வகுப்பு நடத்தும் பேராசிரியைக்கு எழுதினாள். ஒத்திகை, வலது கை, இடது கை, எதையும் ஒளிக்கவில்லை. அனுப்பிவிட்டு மறுநாள் முழுக்க ஃபோனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தாள். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பேராசிரியை திரையில் வந்தார். மூக்குக் கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்டிருப்பவர், எதற்கும் அவசரப்படாதவர்.

"இந்த வீடியோவுக்கு என்னால மார்க் போட முடியாது. அது விதி. பத்து நாள் தர்றேன், வேற பாடம் எடுத்து அனுப்புங்க. எவ்வளவு நல்லா வந்தாலும் தேர்ச்சி மதிப்பெண் ஐம்பதுதான், அதுக்கு மேல கிடையாது. நல்லா வரலைன்னா அடுத்த வருஷம்தான்."

"சரிங்க மேடம்."

"ஒண்ணு கேட்கலாமா? நீங்க கேள்வி கேட்டுட்டு எத்தனை செகண்டு காத்திருக்கீங்கன்னு எண்ணிப் பார்த்தீங்களா?"

"ரெண்டு, மேடம். எண்ணினேன்."

பேராசிரியை சிரித்தார். "நானும் ரெண்டுதான். பதினஞ்சு வருஷம் அப்படியே ஓட்டினேன்."

மதிப்பெண்ணை ஒளித்துவைத்துக் கடைசிவரை இழுத்தடிக்கிற பழக்கம் நமக்குக் கிடையாது, இப்போதே சொல்லிவிடலாம். மிஸ்ஸுக்குக் கிடைத்தது ஐம்பது. முப்பது பேரில் அதுதான் கடைசி மதிப்பெண். பட்டம் வந்தது, வகுப்பு தங்கிற்று. அந்த ஐம்பதை வாங்கித் தந்த பாடம் எப்படி நடந்தது என்பதுதான் சொல்ல மிச்சமிருக்கிறது.

நடந்த லட்சணத்தைச் சொல்லப்போனால், அலங்கோலம். "இனிமே ரெண்டு கை கிடையாது. யாரும் கையே தூக்க வேணாம். நான் கூப்பிடறவங்க பேசினா போதும்" என்று மிஸ் சொன்னதும் வகுப்பே குழம்பிப்போய்விட்டது. பழக்கதோஷத்தில் பாதிப் பேர் கையைத் தூக்கினார்கள், ஒருவன் இரண்டையும் தூக்கினான். "தெரியலைன்னா என்ன மிஸ் பண்றது?" என்று முன்வரிசை மேதை ஒருவன் உண்மையான கவலையோடு கேட்டான். ஆறு நிமிடம் இதிலேயே போயிற்று. எல்லாம் வீடியோவில் ஏறிக்கொண்டிருந்தது.

பாடம் புதிது, யாருக்கும் சொல்லித்தராதது. ஒரு காகிதப் பட்டையைக் காட்டி, "இது ஒரு ரொட்டின்னு வச்சுக்குங்க. இதுல மூணுல ஒரு பங்கு பெரிசா, நாலுல ஒரு பங்கு பெரிசா?" என்று கேட்டாள் மிஸ். கேட்டுவிட்டு ஜன்னலோர மேஜையைப் பார்த்தாள். "நீ சொல்லும்மா."

கிளிப்பு எழுந்து நின்றாள். ஐந்து செகண்டு போயிற்று, பத்து போயிற்று. வேறு யாரையாவது கூப்பிடு என்று பத்தொன்பது வருஷப் பழக்கம் மிஸ்ஸின் நாக்கைப் பிடித்து இழுத்தது. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நாற்பது செகண்டு கழித்து மெல்லிய குரல் வந்தது.

"நாலுல ஒரு பங்குதான் பெரிசு மிஸ்."

முன்வரிசை கொல்லென்று சிரித்தது. மிஸ் திரும்பிப் பார்த்ததும் அடங்கிற்று.

"ஏன் அப்படித் தோணுது?"

"எங்க மேஜையில நாலு பேரு மிஸ். மூணா வெட்டினா ஒருத்தருக்குக் கிடைக்காது."

அந்த ஒருத்தர் யார் என்று மிஸ் கேட்கவில்லை. கரும்பலகைப் பக்கம் திரும்பி, அங்கே எழுத ஒன்றுமில்லாமல், கண் தெளிகிறவரை நின்றாள். கேமராவில் அது பதினோரு செகண்டு. பிறகு இரண்டு காகிதப் பட்டைகளையும் கத்தரிக்கோலையும் கொண்டுபோய்க் கிளிப்பின் மேஜையில் வைத்தாள்.

"நீயே வெட்டிப் பாரு. ஒண்ணை மூணா வெட்டு, இன்னொண்ணை நாலா வெட்டு. எது பெரிசுன்னு பார்த்துச் சொல்லு."

வகுப்பு கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தது. கிளிப்பு மடித்தாள், நகத்தால் அழுத்தினாள், அவசரமில்லாமல் வெட்டினாள். இரண்டு துண்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தாள். இன்னொரு தடவை வைத்துப் பார்த்தாள்.

"நாலுல ஒண்ணு சின்னதாத்தான் இருக்கு மிஸ்" என்றாள். தப்பாகச் சொல்லிவிட்டோமே என்ற பயம் அந்தக் குரலில் இல்லை. பக்கத்திலிருந்த மூன்று பேர் முன்னாலும் ஆளுக்கொரு துண்டை வைத்தாள், கடைசித் துண்டைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள். "பரவாயில்லை மிஸ். நாலாவே வெட்டிக்கலாம்."